கண்ணாடிப் பெட்டிக்குள் அக்காவின் பிராது

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய டைரியில் முதல் வரியை எழுதுவேன், பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். பீங்கான் பட்டறையில் அட்டைப்பெட்டி மேல் சரக்கின் பெயரை எழுதுவதுதான் என் எழுத்து வேலை. ஆனால் தயங்கியது படிப்புக் குறைவால் இல்லை. எழுத வேண்டியது நான் என் அக்காவுக்குச் செய்த ஒரு தப்பு. என் மனைவிக்குக்கூட இது தெரியாது. காலையில் விபூதி பூசிக்கொண்டு விளக்கு முன்னால் நிற்கும்போது, சாமிக்குத் தெரியுமே, அது போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இப்போது அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே நாங்கள் வாயால் வேண்டிக்கொள்வதோடு நிறுத்துவதில்லை. கச்சேரியில் மனு கொடுப்பதுபோல, இன்ன ஊர், இன்ன தெரு, கோயிலுக்கு இத்தனை கிலோமீட்டர் தூரம், எனக்கு இன்ன குறை என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிடுவோம். அதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். மூன்று மாதத்துக்குள் பதில் வரும் என்பது நம்பிக்கை. காரியம் நடந்ததும் மறுபடியும் போய், என் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது ராஜினாமா. ஒரே குறைக்கு இரண்டாவது பிராது கட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. முதல் மனுவைச் சாமி படிக்கவில்லை என்று நாமே சொன்னது மாதிரி ஆகிவிடும் என்பாள் அக்கா.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, பட்டறையில் சூளைக்கு நெருப்புப் போடுகிறவர். கோபக்காரர் இல்லை, குடிகாரரும் இல்லை. ஒரு நாள் பம்பாய்க்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மூன்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிள்ளையும் இல்லை. அக்கா என்னோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். அச்சிலிருந்து எடுத்த டீக்கோப்பைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை.

மாமா போய் இரண்டு வருஷம் ஆனபோது ஒரு சினிமா டைரக்டர் எங்கள் ஊருக்குப் படம் எடுக்க வந்தார். அவர் படம் என்றாலே தகராறு. சாமி, சாதி, பொம்பளை விஷயம் என்று எதில் கைவைக்கக் கூடாதோ அதில் கைவைப்பார். ஒரு படத்துக்குக் கோர்ட்டில் நின்றார், இன்னொரு படத்துக்குச் செருப்படி வாங்கினார். எங்கள் பட்டறைக்குப் பின்னால், உடைந்த கோப்பையும் கரண்டுக் கம்பத்துப் பீங்கானும் மலையாகக் குவிந்து கிடக்கும் இடத்தில், ஒரு சந்நிதி மாதிரி செட் போட்டார்கள். ஆசாரியிடம் சொல்லி ஆள் உயர வேல் ஒன்றை நிஜ இரும்பிலேயே அடித்து நட்டார்கள். கூட்டமாக நிற்க எங்களையே கூப்பிட்டார்கள். உதவி டைரக்டர் ஒருவர் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்து, எதையாவது கிறுக்குங்கள், எழுதுகிற மாதிரி இருந்தால் போதும் என்றார்.

முதலில் எல்லோருக்கும் சிரிப்புதான். சூளை ஆள் ஒருவர் மாமியார் மேல் பிராது எழுதப்போவதாகச் சொன்னார்.

"அது வேணாண்ணே, சாமியே பயந்து ஊரை வுட்டுப் போயிடும்" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் அப்படிச் சிரித்ததுதான் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு மாதிரி இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை சிரித்திருப்பாள்.

பிறகு கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியை அழைத்து வந்தார்கள். நடிகர் இல்லை, நிஜப் பூசாரி. அவர் வேலுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். அவ்வளவுதான், எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எங்களுக்கு அது கண்ணில் படவில்லை. கையில் தாள் இருக்கிறது, எதிரே வேல் இருக்கிறது, கற்பூரம் எரிகிறது. இதில் எதையாவது கிறுக்குவது எப்படி? எல்லோரும் நிஜமாகவே எழுதினோம். நான் அந்தத் தை மாதத்துக்குள் கல்யாணம் ஆக வேண்டும் என்று எழுதினேன். அக்கா கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். எட்டிப் பார்த்தேன்.

"சாமிக்கு எழுதறத நீ எதுக்குடா பாக்குற?" என்று தாளைக் கவிழ்த்துக்கொண்டாள்.

வேறென்ன எழுதியிருப்பாள், மாமா திரும்பி வர வேண்டும் என்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். இருவரும் போய்க் கட்டினோம். வீட்டுக்கு வரும் வழியில், கொளஞ்சியப்பர் கோயிலில் நிஜமாகவே ஒன்று கட்டிவிடலாமா என்று கேட்டேன். அவள் நடப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "இன்னிக்குக் கட்டினது பொய்யா? கற்பூரம் காட்டின எடத்துல சாமி இல்லாம எங்க போவும்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கார்த்திகை மாதம் எனக்குப் பெண் நிச்சயமானது. அதே மாதம், மங்கலம்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் பட்டறைக்குக் கோப்பை எடுக்க வந்தார். அவர் தம்பி பம்பாயில் இருந்தான். பாய் என்னைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப் போனார். டீ வந்தும் அவர் குடிக்கவில்லை.

"உங்க மாமா மவுத்தாயிட்டாருப்பா. மஞ்சக் காமாலை. ரெண்டு மாசம் ஆயிடுச்சாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே மாமாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்பதையும் சொன்னார். "அக்காகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா நல்லா இருக்காது."

சொல்கிறேன் என்றேன். அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். தை பிறக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது சொன்னால் கல்யாணம் தள்ளிப்போகும். நடந்தாலும் எனக்கு ஆரத்தி எடுக்க அக்கா முன்னால் வர மாட்டாள், வரவும் விடமாட்டார்கள். அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன். பாதி அவளுக்காக, பாதி எனக்காக. எது பெரிய பாதி என்று எனக்கே தெரியவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அக்கா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஆரத்தி எடுத்தாள். என் காதில், "பாத்தியா, உன்னோடது நடந்துச்சு. அதே வேலு, அதே கற்பூரம். என்னோடது கொஞ்சம் சிக்கலான கேசு, அதான் லேட்டாவுது" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் படம் வந்தது. அதில் கதாநாயகி வேலில் கட்டிய பிராதுகளையெல்லாம் பிடுங்கிச் சூளைக்குள் போட்டுக் கொளுத்துகிறாள். எந்தச் சாமியும் படிக்கவில்லை, இதில் கோப்பையாவது வேகட்டும் என்று பேசுகிறாள். எங்கள் ஊர்க் கொட்டகையில் நாற்காலியைப் பிடுங்கி எறிந்தார்கள். மூன்றாம் நாள் படப்பெட்டி திரும்பிப் போய்விட்டது. அக்கா படம் பார்க்கவில்லை, ஆனால் விஷயம் அவள் காதுக்கு வந்தது. அழுவாள் என்று பயந்தேன். அவள் கோப்பை துடைத்துக்கொண்டே, "எரிஞ்சா என்ன, பொகையா மேலதான போயிருக்கும். கட்டித் தொங்குறதவிட சீக்கிரம் போய்ச் சேந்திருக்கும்" என்றாள்.

அப்படியே வருஷங்கள் போயின. தை போய்ச் சித்திரையில் சொல்லலாம் என்றிருந்தேன். மனைவி முழுகாமல் இருந்தாள், வளைகாப்புக்கு முதல் வளையல் போட அக்கா வேண்டும். பிறகு பிள்ளைக்குக் காது குத்து. பிறகு வீடு கட்டிப் பால் காய்ச்சினோம், பால் பானையை எடுத்துக்கொண்டு முதலில் நுழைந்தது அக்காதான். சுபகாரியம் இல்லாத வீடு ஏது? வெள்ளிக்கிழமைதோறும் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் குங்குமம் வைத்துக்கொள்வாள். அந்த நேரம் நான் வீட்டில் இருந்தால் வெளியே போய்விடுவேன். பாயும் வாயைத் திறக்காமலே காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம், சென்னையிலிருந்து ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். ஒரு அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவள். அந்த டைரக்டரின் எல்லாப் படங்களையும் பற்றி, ஆதியோடந்தமாக, பெரிய கண்காட்சி வைக்கிறார்களாம். அவளிடம் பழைய குரூப் போட்டோ ஒன்று இருந்தது. அதில் இருந்த எங்களைத் தேடித்தான் வந்திருந்தாள். உயிரோடு இருந்தவர்கள் ஆறு ஏழு பேர். எங்களுக்கு அழைப்பிதழ் கொடுத்தாள். மற்றவர்களெல்லாம், அந்த ஆள் மூஞ்சியில் முழிக்கவா என்று மறுத்துவிட்டார்கள். அக்காவுக்கு அப்போது மூச்சிரைப்பு, பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது.

"நீ போயிட்டு வாடா. அந்த வேலு இருந்துச்சின்னா எனக்காக ஒரு கும்பிடு போட்டுட்டு வா" என்றாள்.

போனேன். குளிர் வைத்த பெரிய பெரிய அறைகள். சுவர் முழுக்கப் படங்கள். கோர்ட்டு நோட்டீஸ்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். டைரக்டர் மேல் விழுந்த செருப்பைக்கூட விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சிலர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் படத்துக்குத் தனி அறை. நடுவில் அந்த வேல் நின்றது. பொட்டு இல்லை, பூ இல்லை. தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டேன். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பழுத்த தாள்கள். 'படத்துக்காகத் துணை நடிகர்கள் எழுதிய கற்பனைப் பிராதுகள்' என்று கீழே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

எரியவில்லை. இரண்டாவது வரிசையில் அக்காவின் கையெழுத்து. பாதித் தாள் மடிந்து கிடந்ததால், கொளஞ்சியப்பருக்கு என்ற தலைப்பு மட்டும் தெரிந்தது.

டைரக்டர் அங்கேதான் இருந்தார். சக்கர நாற்காலியில், கழுத்தில் சால்வையோடு. அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு அவரிடம் போனேன். எங்கள் பிராதையெல்லாம் எரித்துவிட்டதாக நினைத்திருந்தோமே என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரல் மட்டும் பழைய குரல்தான்.

"எதையாவது கிறுக்கச் சொன்னேன். நீங்க எல்லாரும் நெஜமா எழுதி வெச்சிட்டீங்க. ரெண்டு படிச்சேன், எரிக்க முடியல. வெறுந்தாளப் போட்டு எரிச்சோம்" என்றார்.

"சாமி பேர் போட்டுட்டுப் பொய் எழுத வராதுங்க" என்றேன்.

"எரிச்சான்னு பாதிப்பேர் திட்டினான், எரிச்சான்னு பாதிப்பேர் கொண்டாடினான். நான் எரிக்கவே இல்லய்யா. இதச் சொன்னா இந்தக் கண்காட்சியே வேணாம்னுடுவாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கோபமும் வரவில்லை. என் அக்கா தாளைக் கொடுத்துவிடுங்கள், கோயிலில் சேர்த்துவிடுகிறேன் என்று கேட்டேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். எல்லாம் பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி டைரக்டரே கேட்டாலும் கொடுக்க முடியாது என்றாள் அவள். சொல்லும்போது அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு தாளை விரித்துக் காட்டினாள். அழைப்பிதழின் பின்பக்கத்தில் நான் எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டேன். அதை அப்படியே இங்கே கொடுக்கிறேன்.

"கொளஞ்சியப்பருக்கு. என் வூட்டுக்காரர் எங்க இருக்கார்னு தெரியல. அவர் திரும்பி வரணும்னு நான் கேக்கல. வர்றதும் வராததும் அவர் இஷ்டம். உசுரோட இருக்காரா இல்லியான்னு ஒரு சேதி மட்டும் எனக்கு வந்தா போதும். இருந்தா நல்லா இருக்கட்டும். இல்லன்னா அதையும் சொல்லிடு. இல்லாத ஆளுக்குப் பொட்டு வெச்சிக்கிட்டு நான் நிக்க வேணாம். தம்பியக் கேட்டா கலங்கிப் போவான், அதனால உன்னக் கேக்கறேன். தூரம் நாலு கிலோமீட்டர்."

அவள் கேட்டது ஒரு சேதி. அந்தச் சேதி என்னிடம் இருந்தது. அவள் பிராது கட்டிய நாலாவது மாதமே வந்து, இருபது வருஷத்துக்கு மேலாக என் வாய்க்குள் இருந்தது. கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், இது கற்பனை இல்லையம்மா, எழுதி வைத்திருப்பதை மாற்றிவிடுங்கள் என்றேன். ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே அக்கா கேட்டாள்.

"வேலு இருந்துச்சா?"

"இருந்துச்சு. தாளுங்களும் இருந்துச்சு. எரிக்கலியாம்க்கா."

"அப்ப பொகையாவும் போவல" என்றாள். பிறகு அவள் முகம் மெல்லத் தெளிந்தது. "சாமி இன்னும் படிக்கவே இல்லன்னு சொல்லு. அதான் பதில் வரல. நான்கூட சாமிக்கு நம்ம மேல என்ன கோவமோன்னு இத்தினி நாளா மனசுக்குள்ள வெச்சிருந்தேன்."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளை ஆட்டோவில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். முதல் பிராது போய்ச் சேரவே இல்லை, அதனால் இது இரண்டாவது ஆகாது என்று அவளே கணக்குச் சொன்னாள். மூச்சிரைப்பில் குனிந்து எழுத அவளால் முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அதே வார்த்தைகள், ஒன்று மாறவில்லை. உசுரோட இருக்காரா இல்லியா என்ற வரியை, பதில் தெரிந்த நான் என் கையால் எழுதினேன். தம்பியக் கேட்டா கலங்கிப் போவான் என்ற வரியை மட்டும் அவள் சொல்லவில்லை. எழுதுகிறவன் நான் என்பதால் விட்டிருப்பாள். கையெழுத்துப் போட்டு, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் வேலில் அவளே கட்டினாள். திரும்பும்போது, மூன்று மாதம் என்றால் கார்த்திகை என்று விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தபால்காரர் மணி அடித்தால் எழுந்து உட்காருவாள். ஒரு நாள், சாமி தபாலில்தான் அனுப்புமா, ஆளையே அனுப்பாதா என்று என் மனைவி கேலி செய்தாள். யார் மூலமாக வேண்டுமானாலும் வரும், வீட்டில் இருப்பவர் மூலமாகக்கூட வரும் என்று அக்கா பதில் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தெரிந்து சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் மூச்சு மிகவும் மோசமானது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் மத்தியானம் நினைவு தப்பிவிட்டது. டாக்டர் கையை விரித்தார். சுற்றி எல்லோரும் நின்றார்கள். நான் குனிந்து அவள் காதில் சொன்னேன். மாமா போய்விட்டார் அக்கா, நாம் பிராது கட்டிய அந்த வருஷமே போய்விட்டார், எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பம்பாயில் இருந்த குடும்பத்தைப் பற்றியும் சொன்னேன். காதில் சிவநாமம் ஓதுகிறான் என்று நினைத்து எல்லோரும் ஒதுங்கிக் கைகூப்பி நின்றார்கள். அவள் இமைகூட அசையவில்லை. சாயங்காலம் உயிர் போயிற்று.

சுமங்கலியாகப் போய்விட்டாள், கொடுத்து வைத்தவள் என்றார்கள். மஞ்சள் பூசி, பூ வைத்து, பெரிய பொட்டாக வைத்தார்கள். தெருப் பெண்கள் வரிசையில் வந்து அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு வாங்கிக்கொண்டார்கள். என் மனைவியும் வாங்கினாள். இல்லாத ஆளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று எழுதியவளை அந்தப் பொட்டோடுதான் அனுப்பினேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகையில் கோயிலுக்குப் போனேன். ராஜினாமா எழுத வேண்டியவள் இல்லை. அவளுக்காக நான் எழுதலாம் என்றால், காரியம் நடந்தது என்று எழுத வேண்டும். என்ன நடந்தது? அந்த வேலின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சந்நிதிப் பக்கம் போகவில்லை. சாமியை விடவில்லை, தினமும் கும்பிடுகிறேன். கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டியை எங்காவது பார்த்தால், அதில் இருப்பது கற்பனை இல்லை என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் பிராதுக் கதை என்றால் கடைசியில் சாமி பதில் சொன்னதாக முடிப்பது வழக்கம். கடைசி நேரத்தில் அக்கா கண் திறந்து பார்த்தாள் என்றோ, கண்ணோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது என்றோ நல்ல மனதோடு யாராவது சேர்ப்பீர்கள். சேர்க்காதீர்கள். அவள் இமை அசையவில்லை.